சேர்ந்து வாழும் முயல்களின் எடையைக் கவனிக்கும் முறை
இரண்டு முயல்கள் ஒரே தட்டில் உண்ணும்போது வேகமாகத் தின்பது பருத்துவிடும் என்பதால், உலர்புல்லை நாள் முழுவதும் தடையின்றி வைத்துவிட்டு, பெல்லட் தீவனத்தை (அழுத்திச் செய்த சிறு துண்டுத் தீவனம்) மட்டும் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மிகாமல் அளந்து, நடுவே தடுப்பு வைத்துத் தனித்தனியே கொடுப்பது நல்லது. தட்டு காலியானதும் தடுப்பை எடுத்துவிடலாம்.

வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அடர்ந்த உரோமம் கண்ணை ஏமாற்றும். விலாவை மெல்லத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. முயல்கள் தாம் இடும் மென்மையான எச்சத்தை மீண்டும் உண்பது இயல்பு; பின்புறத்தில் அது ஒட்டியிருப்பது, பருத்த உடலை வளைத்து அதை உண்ண முடியாமல் போனதன் அறிகுறியாக இருக்கலாம்.

எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி மட்டும் போடாதீர்கள். அரை நாள் எதையும் உண்ணாத முயலை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.