ஷூட்டிங் ஸ்டிக்: வாங்கும்போதும் பழகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேட்டையில் ரைஃபிளைத் தாங்க ஊன்றும் ஷூட்டிங் ஸ்டிக் கைக்கு வந்ததும் குறி தானாகத் திருந்திவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் பெரும்பாலான கோல்கள் செய்வது ஒரே வேலைதான்: ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்குகின்றன. பின்கட்டை இன்னும் உங்கள் தோளில்தான் இருக்கிறது. மூச்சோடு தோள் ஏறி இறங்கும், இடுப்பு அசையும், நடந்து வந்த களைப்பில் முழங்கால் தளரும். அந்த ஆட்டத்தைக் கோல் எடுத்துக்கொள்ளாது. இதை மறப்பதிலிருந்துதான் வாங்கும்போதும் பழகும்போதும் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

கால்களின் எண்ணிக்கையை வைத்து வாங்குவது

கால் கூடக்கூட நிலைத்தன்மை கூடும் என்பது சரிதான். ஒற்றைக்கால் கோல் மேலும் கீழுமான ஆட்டத்தை அடக்கும், பக்கவாட்டில் உதவாது. இரட்டைக்கால் பக்கவாட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முன்னும் பின்னும் சாயும். முக்கால் தானாக நிற்கும். நாற்கால் கோல் முன்கட்டை (குழலுக்கு அடியில் உள்ள கட்டை), பின்கட்டை இரண்டையும் தாங்குவதால், நின்றுகொண்டே சுட இதைவிட உறுதியான கோல் கிடைப்பது கடினம்.

அப்படியானால் எல்லாரும் நாற்காலையே வாங்கலாமே? கடையின் சமதளத் தரையில் வைத்துப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். விலங்கு நான்கு அடி நகர்ந்தால், இரண்டு இடத்தில் தாங்கப்பட்ட ரைஃபிளைக் கூடவே திருப்புவது எளிதல்ல. கோலையே தூக்கி மறுபடி நட வேண்டிவரும். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் எதிர்ப்பட்டு உடனே மறையும் விலங்குக்கு, சற்று ஆடினாலும் நொடியில் நடக்கூடிய இரட்டைக்கால்தான் பொருத்தம். ரைஃபிளை இறுக்கிக் கவ்விப் பிடிக்கும் தலை கொண்ட கனமான முக்கால், மறைவிடத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு நல்லது. அதைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நடப்பவர் மதியத்துக்குள் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நினைப்பார்.

விசையை அழுத்தினால் ஒரே கையில் நீளவும் குறுகவும் செய்யும் கோல்கள் விலை கூடினாலும் பயனுள்ளவை. ஆனால் பூட்டுகளில் மணலும் சேறும் புகுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். முழு எடையோடு சாய்ந்து அழுத்திப் பார்த்தால், நழுவும் பூட்டு அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்போது எழும் உலோகச் சத்தத்தையும் கவனியுங்கள். மூன்று மரக்கழிகளை மேல்முனையில் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிச் செய்யும் முக்கால் இன்றும் பலரிடம் உண்டு. சத்தமில்லாதது, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. விலையுயர்ந்த பல கோல்களைவிட அதையே நான் முன்வைப்பேன்.

உயரம்

கோல் குட்டையாக இருந்தால் குனிய வேண்டும். குனிந்தால் முதுகும் தொடையும் நடுங்கும். முழுதாக நீட்டியும் உங்கள் தாடை உயரத்தை எட்டாத கோல் நின்று சுட உதவாது. சரிவில் கீழ்ப்பக்கம் போகும் கால் இன்னும் நீளம் கேட்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சரிவில் முக்காலின் இரண்டு கால்கள் தாழ்ந்த பக்கம் இருந்தால் கவிழாது.

தென்னாப்பிரிக்கா, நமீபியா போன்ற நாடுகளில் வழிகாட்டி முக்காலைச் சுமந்து முன்னே நடப்பார், விலங்கைக் கண்டதும் அவரே நட்டுக்கொடுப்பார். நீங்கள் நட்டுப் பழகிய அதே உயரம் அங்கே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படி ஒரு வேட்டைக்குப் போகிறவர், பயிற்சியிலும் வேறொருவரைக் கோல் நடச் சொல்லி, அதில் ஏறி இறங்கிப் பழகுவது நல்லது. இரண்டு அங்குலம் கூடினால் கோலின் கால்களை விரித்துத் தாழ்த்தலாம். குறைந்தால் உங்கள் கால்களை அகல விரித்து நின்று உடலை இறக்கலாம். இடுப்பில் மடங்கிக் குனிவது கடைசி வழி.

குழலைக் கோலில் வைப்பது

அவசரத்தில் மிக அதிகம் நடக்கும் தவறு இது. சுடும்போது குழல் அதிரும். அது கடினமான ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு மாறி, தோட்டா படும் இடமும் மாறிவிடும். கோலின் மேல் இருக்க வேண்டியது முன்கட்டை. வார் கோக்கும் வளையத்தையும் கவையோடு (ரைஃபிள் அமரும் கோலின் மேல்முனை) ஒட்டவைக்காதீர்கள். சுட்டதும் வரும் பின்னுதைப்பில் அது சிக்கிக் கோலையே இழுத்து வரும்.

முன்கட்டையில் எந்த இடம்? நுனிக்கு அருகில் வைத்தால் ஆட்டம் குறையும், ஆனால் ரைஃபிளைத் திருப்புவது கடினம். தோட்டா அறைக்கு அருகில் வைத்தால் சுலபமாகத் திருப்பலாம், ஆட்டம் கூடும். நிற்கும் விலங்குக்கு முன்னதும் நகரக்கூடிய விலங்குக்குப் பின்னதும் சரி. நடுவில் ஓரிடத்தைத் தேர்ந்து தொடங்குங்கள்.

இடக்கை எங்கே என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வெறும் கோலை மட்டும் பற்றியிருந்தால், பின்னுதைப்பில் முன்கட்டை கவையிலிருந்து எழும்பிவிடும். பெரிய காலிபர் (குழல் துளையின் விட்டம்) ரைஃபிளில் இது கண்கூடாகத் தெரியும். முன்கட்டையையும் கவையையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பின்பக்கத்தை மறப்பது

குறியிடத்தில் (சுட்டுப் பழகும் இடம்) பலரையும் கவனித்தால், கோலை நடுவதில் காட்டும் அக்கறையில் பாதிகூட வலது முழங்கைக்குக் கிடைப்பதில்லை. அது காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்கோப்பில் (ரைஃபிள் மேல் உள்ள குறிநோக்கி) தெரியும் குறிக்கோடு இடமும் வலமுமாக அலைவதற்கு அதுதான் காரணம். அந்த முழங்கைக்கு ஏதாவது ஆதாரம் தேடுங்கள்: மரம், பாறை, முதுகுப்பை, அக்குளுக்கடியில் ஊன்றிய இன்னொரு கழி, உடன் வந்தவரின் தோள். தோளைக் கொடுப்பவர் உங்களுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, குழல்முனைக்கு முன்னே வராமல் நிற்க வேண்டும். காதுக் கவசம் இருவருக்கும் தேவை.

எந்த ஆதாரமும் கிடைக்காவிட்டால், உட்காருங்கள் அல்லது மண்டியிடுங்கள். புல் உயரம் இடம் கொடுத்தால், முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி உட்கார்ந்து சுடுவது நின்று சுடுவதைவிட எப்போதும் மேல். முக்கால் இருக்கிறதே என்று நின்றே தீருவது வீண் பிடிவாதம்.

இன்னொன்று. குறிக்கோடு விலங்கின் மேல் விழாதபோது கைபலத்தால் ரைஃபிளைத் தள்ளிப் பிடிப்பார்கள். ட்ரிகரை அழுத்தும் நொடியில் தசை தளர்ந்து, ரைஃபிள் பழைய இடத்துக்கே திரும்பும். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் பாதங்களையோ கோலையோ நகர்த்துங்கள், கையை அல்ல.

மேசையில் சுட்டுவிட்டுப் பயிற்சி முடிந்தது என்பது

மணல்மூட்டையில் வைத்து ஸ்கோப்பைச் சரிசெய்வது ரைஃபிளுக்கான வேலை. அது முடிந்த பிறகுதான் உங்கள் பயிற்சி தொடங்குகிறது. கோலை நட்டுவைத்துவிட்டு வரிசையாக இருபது தோட்டா சுடுவதும் பயிற்சி ஆகாது, ஏனென்றால் வேட்டையில் சிக்கல் வருவது கோல் நட்ட பிறகு அல்ல, நடும்போதுதான். மடக்கிய கோலோடு நடந்து வாருங்கள். இலக்கை விட்டுக் கண் எடுக்காமல் கோலை நடுங்கள், ரைஃபிளை வைத்து, மூச்சைச் சீராக்கிச் சுடுங்கள். பிறகு எல்லாவற்றையும் மடக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். கோலின் கால்களைக் குனிந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும், விலங்கு அந்த இடைவெளியில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரும்பகுதியைத் தோட்டா இல்லாமலேயே வீட்டில் பழகலாம். ரைஃபிள் காலியாக இருப்பதை இருமுறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் குறிபாருங்கள். .22 ரிம்ஃபயரை (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் வகை) தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டால், தோட்டாவை அடிக்கும் அடிமுள் தோட்டா அறையின் விளிம்பில் மோதிப் பழுதாகலாம். அதற்குப் போலித் தோட்டா பயன்படுத்துங்கள். குறியிடத்திலும் வரிசை மாறக்கூடாது: முதலில் கோல், பிறகு ரைஃபிள், சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) விலக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

நின்று சுடும்போது எளிதில் தப்பிப்போகும் ஒரு விஷயம்: ஸ்கோப், ரைஃபிளின் குழலுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் வழி தெளிவாகத் தெரியும். குழலுக்கு நேரே ஒரு கிளையோ மண்மேடோ இருக்கும். தோட்டா அதில்தான் போய் மோதும். குழல்முனைக்கு முன்னால் ஒருமுறை கண்ணோட்டிவிட்டுச் சுடுங்கள்.

கோல் கொடுக்கும் பொய்யான தைரியம்

பிரிட்டனில் மான் வேட்டைக்காரர்கள் எழுதும் முதல்நிலைச் சான்றிதழ்த் தேர்வில், படுத்துச் சுடும் தூரம் 100 மீட்டர். உட்கார்ந்தோ மண்டியிட்டோ சுட 70 மீட்டர், நின்று சுட 40 மீட்டர். கோல் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தும் நிற்கும் நிலைக்கு அந்த 40 மீட்டர்தான். கோலை நம்பி நின்றபடியே 200 மீட்டர் என்று பேசுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

உங்கள் தூரத்தை நீங்களே அளக்கலாம். 15 செ.மீ. வட்டம் ஒன்றை வையுங்கள். ஓரளவு பெரிய மானின் நெஞ்சுப் பகுதிக்குக் கண்டிப்பான அளவுதான் அது. 50 மீட்டரில் தொடங்குங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கோலைப் புதிதாக நட்டு, பத்து தோட்டா. பத்தும் உள்ளே விழுந்தால் 25 மீட்டர் பின்னால் போங்கள். ஒன்று வெளியே போனாலும் முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. நன்றாக விழுந்த மூன்றை மட்டும் படம் எடுத்துவைத்துக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. ஆட்டம் கோணத்தில் ஒன்றுதான், தூரம் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும்: 100 மீட்டரில் 15 செ.மீ. வட்டத்துக்குள் நிற்பது 200 மீட்டரில் 30 செ.மீ. ஆகிவிடும்.

பத்தில் சிலவற்றையாவது நூறு அடி வேகமாக நடந்துவந்து, வேட்டைக்கு உடுத்தும் அதே கனமான மேலாடையோடு சுடுங்கள். தடித்த ஆடை பின்கட்டையைத் தோளிலிருந்து தள்ளிவைக்கும், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் மாறும். ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும், ரைஃபிளைக் கவையிலிருந்து எடுக்காமல் கன்னத்தையும் எடுக்காமல் போல்ட்டை (தோட்டா ஏற்ற இழுக்கும் பகுதி) இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். முதல் தோட்டா சரியாகப் படாத விலங்குக்கு இரண்டாவது உடனே தேவைப்படும். கோல் மேல் வைத்து போல்ட்டை வேகமாக இழுக்கும்போது முக்கால் பக்கவாட்டில் சரிவது பலருக்குக் காட்டில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.