பாறு கழுகுகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி மலையடிவாரத்தில், மாயாற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டி வாழும் வெண்முதுகுப் பாறு கழுகுகள், தென்னிந்தியாவில் இவ்வினத்துக்கு எஞ்சியிருக்கும் மிகச் சில புகலிடங்களுள் ஒன்றில் வாழ்கின்றன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் இவ்வினம் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோனது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்டு, அவை இறந்தபின் சடலத்தை உண்ட பாறுகளின் உடலில் சேர்ந்த டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் இதற்குக் காரணம் என்பது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கான அதன் உற்பத்தியை மத்திய அரசு தடை செய்தது. அந்த ஆணையோடு சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதுவதுதான் முதல் தவறு. தடைக்குப் பிறகும், மனிதர்களுக்கென்று விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மருந்துக் கடைகளிலிருந்து மாட்டுத் தொழுவங்களுக்குச் சென்றுகொண்டேயிருந்தன. மனிதர்களுக்கான குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைக்கும் ஆணை 2015-இல்தான் வந்தது. இன்றும் சிறு குப்பிகள் பலவற்றைச் சேர்த்து மாட்டுக்குப் போட வழியுண்டு என்பதால், "மாட்டுக்கு வலி ஊசி கொடுங்கள்" என்று கேட்டு வருபவருக்கு மருந்தாளுநர் என்ன எடுத்துக் கொடுக்கிறார் என்பதில்தான் இந்தத் தடையின் உயிர் இருக்கிறது.

டைக்ளோஃபினாக்கைத் தவிர்த்தால் போதும், வேறு எந்த வலிநிவாரணியையும் போடலாம் என்று எண்ணுவது இரண்டாவது தவறு. என் பார்வையில் இதுவே மிக ஆபத்தானது. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். இவ்விரண்டும் கால்நடைகளுக்கு 2023-இல்தான் தடை செய்யப்பட்டன; நிமெசுலைடுக்கான தடை 2024 இறுதியில் வந்தது. ஒவ்வொரு மருந்தும் சந்தைக்கு வந்து, பறவைகள் மடிந்த பின்னரே ஆராய்ந்து தடுப்பது என்ற இந்த முறையே பிழையானது. பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து அறிந்த பிறகே கால்நடை மருந்துக்கு அனுமதி வழங்க வேண்டும். அதுவரை, மடிநோய்க்கோ கால் வீக்கத்துக்கோ ஊசி போட வரும் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகமோ டோல்ஃபெனாமிக் அமிலமோ போடும்படி மாடு வளர்ப்பவர்கள் கேட்கலாம். இவ்விரண்டும் பாறுகளுக்குத் தீங்கற்றவை என்று சோதனைகள் காட்டியுள்ளன.

எங்கோ ஒரு தொழுவத்தில் போடும் ஊசியால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற எண்ணமும் தவறானது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் டைக்ளோஃபினாக் இருந்தாலே, நாம் கண்ட பேரழிவு நிகழப் போதுமென்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒரே சடலத்தில் பல பாறுகள் கூடி உண்கின்றன. உண்டவற்றின் சிறுநீரகம் சில நாள்களில் செயலிழந்து, கல்லீரலின் மீதும் இதய உறையின் மீதும் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பதால், ஒரு நாளில் இழந்ததை ஈடுசெய்ய ஆண்டுகள் பல ஆகும். அரியானாவின் பிஞ்சோரில் உள்ளது போன்ற இனப்பெருக்க மையங்களில் பாறுகளைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்ப்பது தேவைதான். ஆனால் நஞ்சு நீங்காத நிலத்தில் அவற்றைப் பறக்கவிடுவதால் பயனில்லை.

புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மீது பூச்சிமருந்து தெளித்து வைப்பதும் பாறுகளைக் கொல்கிறது. இதற்கு மாட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்வது சரியன்று. கறவை மாட்டை இழந்த குடும்பத்துக்கு இழப்பீடு மாதக்கணக்கில் வராதபோது எழும் கோபமே அந்த நஞ்சாக மாறுகிறது. ஆகவே இழப்பீட்டை உடனுக்குடன் வழங்குவதும் பாறு பாதுகாப்புப் பணிதான்.

காட்டுக்குள் இயற்கையாக இறந்த விலங்குகளைத் தூய்மை கருதிப் புதைத்தோ எரித்தோ விடுவது பாறுகளின் உணவைப் பறிப்பதாகும். தொற்றுநோய் ஐயம் இல்லாவிட்டால் அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். நஞ்சு கலந்த சடலத்தையும், இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் வலி ஊசி ஏற்றப்பட்ட மாட்டையும் மட்டும் ஆழக் குழி தோண்டிப் புதைத்தாக வேண்டும்.