கிராமத்து ரெசிடென்சிக்குப் போகும் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைவதெல்லாம் ஏற்கெனவே வரைந்ததாகவே தெரிய ஆரம்பித்த பிறகுதான் பலரும் கிராமத்து ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்ய இடம் தரும் ஏற்பாட்டுக்கு, விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைத்ததும் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு மாதத்தில் எத்தனை படம் முடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். எந்த அவசரம் அவர்களைச் சோர்வாக்கியதோ அதையே மூட்டை கட்டி எடுத்துப் போகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

விண்ணப்பத்தில் எழுதிய திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த இடத்தைப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் முன்னால், களைத்துப்போன ஒரு மனம் எழுதியது. முடிவில் கண்காட்சியோ பயிலரங்கோ நடத்தியே ஆகவேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும், அதைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அங்கே போனதும் திட்டம் மாறினால் மாறட்டும்.

முதல் சில நாட்கள் தூக்கம் தூக்கமாக வரும், கை ஓடாது. உடனே குற்ற உணர்ச்சியில் கேன்வாஸை நிமிர்த்தி வைத்து வரைய உட்காராதீர்கள், அப்போது வருவது பழைய படம்தான். தூங்குங்கள், நடங்கள். ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். கல் சுவரில் படர்ந்த பாசி விடிகாலையில் கறுப்பாக இருக்கும், வெயில் ஏறியதும் பச்சையாகும், பொழுது சாயும்போது அதன் ஓரங்கள் மட்டும் மஞ்சளாக மின்னும். இதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம், அதனால் அந்த நேரம் வீண் என்று நினைக்கவே வேண்டாம்.

பொருள் விஷயத்தில், ஸ்டுடியோவையே பெயர்த்துக்கொண்டு போகாதீர்கள். தைல வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அதற்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. தைல வண்ணத்தைத் தடிமனாகப் பூசினால் காய வாரக்கணக்கில் ஆகும். கடைசி வாரத்தில் பெரிய படம் ஆரம்பித்து, ஈரத்தோடு சுற்றி எடுத்துவந்து, வீட்டில் பிரித்துப் பார்த்து நொந்துபோகிறவர்கள் உண்டு. தடிமனான வேலையெல்லாம் முதல் பாதியில் முடியட்டும், அப்புறம் கரி, மை, நீர்வண்ணம் போதும்.

அக்கம்பக்கத்து மக்களிடம் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு ரொம்ப உறுத்தும். வயலில் வேலை செய்கிறவர் நிமிர்வதற்குள் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர் பெயரைக்கூடக் கேட்பதில்லை. அவர் உங்கள் படத்துக்குப் பின்னணி இல்லை. முதல் தடவை ஸ்கெட்ச் புத்தகமே இல்லாமல் போங்கள், என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வரைய அனுமதி கிடைத்தால், வரைந்ததை அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். நன்றாகப் பழகியபின் வரைந்த கோட்டில் அந்த வேறுபாடு தெரியும்.

சக கலைஞர்களின் அறைக்குள் கேட்காமல் நுழைவதும் தவறு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-இல் தொடங்கிய மெக்டவல் ரெசிடென்சியில் மதிய உணவைக் கூடையில் வைத்து ஸ்டுடியோ வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், உள்ளே இருப்பவரின் கவனம் கலையக்கூடாது என்பதற்காக. அந்த மரியாதையை நாமும் மற்றவருக்குக் காட்ட வேண்டும். அதற்காக யாரிடமும் பேசாமல் அடைந்து கிடக்கவும் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் ஒரு கவிஞரோ இசைக்கலைஞரோ சொல்வது சிக்கலை அவிழ்த்துவிடும். போனுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அதை வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள், அது போதும்.

திரும்பும்போது கையில் முடித்த படம் இல்லையே என்று வருந்தாதீர்கள். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1929 கோடையை நியூ மெக்சிகோவில் கழித்தபின் அங்கே திரும்பத் திரும்பப் போனார், பாலைவனத்தில் பொறுக்கிய எலும்புகளை ஒரு பீப்பாயில் அடைத்து நியூயார்க்குக்கு அனுப்பினார். அவருடைய புகழ்பெற்ற மாட்டு மண்டையோட்டு ஓவியம் 1931-இல், அங்கிருந்து திரும்பிய பிறகு வரைந்ததுதான். அதனால் ஊர் திரும்பிய மறுநாளே வேலைகளை அடுக்கிவைக்காமல் ஒரு வாரமாவது காலியாக விடுங்கள். குறிப்புப் புத்தகம், மண், இலை, அரைகுறைக் கோடுகள் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிவிட்டு, அப்புறம் மின்னஞ்சலைத் திறக்கலாம்.