புரோபயாடிக் விற்கும் கவுண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மருந்துக்கடைக்கு டி.பார்ம் முடித்த கையோடு பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், மருந்துப் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். ஆனால் வயிறு சரியில்லை என்று யாராவது வந்து நின்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கை எங்கே போனதோ அங்கேயேதான் இவர்கள் கையும் போகிறது: புரோபயாடிக் (உடம்புக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) அடுக்கியிருக்கும் தட்டுக்கு. காலாவதித் தேதி பார்க்கச் சொல்லி எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் ஒன்றுதான் என்று மாற்றிக் கொடுப்பது

சீட்டில் எழுதியது இருப்பில் இல்லை. உடனே பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை எடுத்து, "இதுவும் நல்ல பாக்டீரியாதான் அக்கா" என்று நீட்டிவிடுகிறார்கள். பாராசிட்டமாலில் கம்பெனி மாற்றிக் கொடுக்கிற விஷயம் இல்லை இது. கடையில் அதிகம் ஓடுவது மூன்று வகை. பேசில்லஸ் கிளாசி என்பது ஸ்போர் (கடினமான ஓடு போர்த்தி உறங்கும் நிலை) வடிவில் வரும் பாக்டீரியா. வயிற்று அமிலத்தையும் பல ஆன்டிபயாடிக்குகளையும் தாங்கும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். மூன்றாவது, லாக்டோபாசில்லஸ் குடும்பம். எந்த நுண்ணுயிர், அதில் எந்த ரகம், எவ்வளவு, என்ன நோய்க்கு என்ற நான்கும் பொருந்தினால்தான் ஆய்வில் கிடைத்த பலன் நம் நோயாளிக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியும்.

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து டாக்டர் ஈஸ்ட் எழுதியிருந்தால், ஆன்டிபயாடிக்கால் அது சாகாது என்பதற்காக எழுதியிருப்பார். நாம் லாக்டோபாசில்லஸை மாற்றிக் கொடுத்தால் அவர் போட்ட கணக்கே போச்சு. அதேபோல பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் சாப்பிடுகிறவருக்கு ஈஸ்ட் கொடுத்தால் வீண்.

பேதிக்குப் புரோபயாடிக் வயலை (திரவம் அடைத்த சின்னக் குப்பி) மட்டும் கொடுத்து அனுப்புவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி என்று ஒரு அம்மா வருகிறார். பையன் வயல்களை எடுத்துப் பையில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று அனுப்பிவிடுகிறான். ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாங்கியவரும் மருந்து கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு போகிறார். அந்த நிம்மதிதான் ஆபத்து.

ஒரு வெயில் காலத்தில் ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வயது தாண்டிய குழந்தை. முந்தின நாள் வேறொரு கடையில் வாங்கிய வயலைக் காட்டி, "இதுலயே இன்னும் ரெண்டு குடு தம்பி" என்றார். கையில் அட்டைப் பெட்டியில் அடைத்த பழச்சுவை பானம் ஒன்றும் இருந்தது. பேதிக்கு நல்லது என்று அதையும் அந்தக் கடையிலேயே கொடுத்திருக்கிறார்கள். குழந்தை அழுதது, கண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான் என்று கேட்டேன். "காலைலேர்ந்து இல்லப்பா." மணி அப்போது நாலு. ஆட்டோ பிடித்து ஜிஎச்சுக்கு அனுப்பினோம். ட்ரிப் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான். வயலுக்கும் பானத்துக்கும் அந்தக் குடும்பம் செலவழித்த காசில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு கை நிறைய வாங்கியிருக்கலாம்.

பேதியில் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் இறங்கிப்போவதுதான். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஜோடியாக உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. பேதி உச்சத்தில் இருக்கும்போதும் அந்த வழி வேலை செய்யும், அவற்றின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகும். ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு இரண்டையும் 75 மில்லிமோல் என்று சரிசமமாக வைத்திருப்பது இதனால்தான். சர்க்கரை அதிகமான பானம் நேர்மாறாக வேலை செய்யும். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் போதாமல் போனதும் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

புரோபயாடிக்குக்கு இப்படி ஒரு வரலாறு கிடையாது. 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு பெரிய ஆய்வுகள் சேர்ந்தே வெளிவந்தன, ஒன்று அமெரிக்காவில் நடந்தது, இன்னொன்று கனடாவில். பேதியோடு அவசர சிகிச்சைக்கு வந்த, நான்கு வயது வரையிலான 1,800-க்கும் அதிகமான குழந்தைகள். லாக்டோபாசில்லஸ் வகை புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணமாவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லா ரகத்துக்கும் இந்த முடிவு பொருந்தாது, சரி. ஆனால் ஓஆர்எஸ்ஸை விட்டுவிட்டு வயலைக் கொடுக்க எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

ஆகவே கவுண்டரில் முதலில் வெளியே வர வேண்டியது ஓஆர்எஸ். பாக்கெட் ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று பார்த்துச் சொல்லுங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் கொடுத்தால் உப்பு ஏறி வேறு ஆபத்து வரும். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை பேதி போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூனால். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அப்புறம் ஜிங்க் (துத்தநாகம்): ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், 14 நாள், பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். மலத்தில் ரத்தம், எதுவும் குடிக்க மறுப்பது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, டாக்டர் எழுதியிருந்தால் வயலையும் கொடுங்கள்.

வயலைப் பார்த்து ஊசி என்று நினைப்பது

குடிக்கிற மருந்து. கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக்கோடு ஒரே வாயில்

லாக்டோபாசில்லஸ் வகையை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து விழுங்கினால், காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொல்கிறோம். குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைத் தடுப்பதில்தான் சில ரகங்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதனால் இந்த இடைவெளி முக்கியம். ஆனால் கோர்ஸ் முடிந்த பிறகும் குடல் பழையபடி ஆகட்டும் என்று ஒரு மாதத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்திலிருந்து 2018-இல் வந்த ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்து 11 ரகக் கலவை சாப்பிட்டவர்களுக்குச் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானது. ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கு அவை சீக்கிரமே திரும்பின.

எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில், அல்லது எதையுமே வைக்காமல்

லேபிளைப் படியுங்கள்.

தயிர் போதாதா என்று கேட்பவரை மடக்குவது

நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறவருக்குப் போதும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு அதில் இருக்கும் பாக்டீரியாவும் ஒரு காரணம். ஆனால் இட்லியிலும் கொதித்த மோர்க்குழம்பிலும் உயிரோடு பாக்டீரியா வரும் என்று சொல்லிவிடாதீர்கள், வேகும்போதே அவை செத்துவிடும்.

யாருக்கு என்று கேட்காமல் கொடுப்பது

குறைமாதத்தில் பிறந்த குழந்தையா, கீமோ எடுக்கிறவரா, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவரா, கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் லைன் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். குறைமாதக் குழந்தைகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 அக்டோபரில் எச்சரிக்கை விட்டது. புரோபயாடிக்காகக் கொடுத்த அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி ஒரு குழந்தை இறந்திருந்தது. லைன் போட்டவருக்கு ஈஸ்ட் வகை கூடவே கூடாது. அந்தத் தூளை அவர் பக்கத்தில் பிரித்தாலே காற்றிலும் கையிலும் ஒட்டி லைன் வழியே ரத்தத்துக்குள் போக வாய்ப்பிருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வேறொருவருக்கு வாங்கிய சாஷேவைக்கூட (தூள் பாக்கெட்) அடுத்த அறையில் வைத்துப் பிரித்து, கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்.