ஒரே நிரலில் அண்ட்ரொய்ட், ஐபோன் செயலி: கட்டமைப்பைத் தெரிவுசெய்யும்போது விடும் தவறுகள்

ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? ஒரே நிரலை எழுதி அண்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி எடுக்க உதவும் கட்டமைப்புகள் இவை. பலர் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான். செயலி எந்தப் போனில், எந்த இடத்தில், எந்தக் கருவியோடு ஓடப்போகிறது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

துணுக்காய்ப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் பண்ணையாளர்கள் கொண்டுவரும் பாலின் லீற்றரையும் கொழுப்பு அளவையும் பதிந்து, அங்கேயே தமிழில் பற்றுச்சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கையில் இருப்பது 2 ஜிபி ராம் கொண்ட பழைய அண்ட்ரொய்ட் போன். இங்கே திரையை அழகாகச் செய்வது சின்ன வேலை. ஆளை இழுத்து விழுத்துவது பிரிண்டரும், இணையம் இல்லாத நேரத்துப் பதிவும், தமிழ் எழுத்தும்தான். இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் கட்டமைப்பை முடிவுசெய்யக்கூடாது.

பிரிண்டரைக் கடைசிக்கு விடுவது

கடைகளில் கிடைக்கும் 58 மில்லிமீற்றர் புளூடூத் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளோ சீன எழுத்துகளோதான் வரும். பற்றுச்சீட்டுத் துண்டு முழுவதையும் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். அச்சாகும் அகலம் 48 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. ஆகவே படத்தின் அகலம் 384 புள்ளி. எழுத்தின் உயரம் 24 புள்ளிக்குக் குறைந்தால் 'ழு', 'ணு' போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் அனுப்பினால் மலிவான பிரிண்டரின் நினைவகம் நிரம்பி, துண்டு பாதியில் நிற்கும். கீற்றுக் கீற்றாக, இடையில் சிறு இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

திரையைப் படமாக்குவதற்கு ஃபிளட்டரில் உள்ளேயே வழி இருக்கிறது. ரியாக்ட் நேட்டிவில் அதற்குத் தனி நூலகம், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல், வேண்டும். புளூடூத் நூலகம் இரண்டிலும் வெளியார் எழுதியதுதான். அண்ட்ரொய்ட் 12 முதல் புளூடூத்துக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். அதை அறியாத பழைய நூலகம் இணைக்கும் கணத்திலேயே செயலியை விழுத்திவிடும். ரியாக்ட் நேட்டிவ் வேலையை இலகுவாக்கும் எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்பைப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செய்த நிரலைப் போனில் ஓட்டிப் பார்க்கும் அதன் 'எக்ஸ்போ கோ' செயலிக்குள் இப்படியான நூலகங்கள் ஓடா. அந்த நூலகங்களையும் சேர்த்து, சோதனைக்கென்று உங்கள் செயலியின் தனிப் பதிப்பு (டெவலப்மென்ட் பில்ட்) எடுக்க வேண்டும்.

ஐபோனில் நிலைமை வேறு. பழைய வகைப் புளூடூத்தில் மட்டும் பேசும் பிரிண்டரோடு, அது ஆப்பிளின் அங்கீகாரம் பெற்றதாக இல்லாவிட்டால், ஐபோன் பேசாது. எந்தக் கட்டமைப்பை எடுத்தாலும் இதை மாற்ற முடியாது. குறைசக்தி புளூடூத் உள்ள பிரிண்டரைத்தான் வாங்க வேண்டும்.

சோதனை இலகு: 'கொழுப்பு', 'கிளிநொச்சி' என்ற இரண்டு சொற்களை அச்சடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறாமல் வந்தால் மேலே போகலாம்.

தமிழை ஆங்கிலம்போல எண்ணுவது

ரியாக்ட் நேட்டிவின் மொழியான ஜாவாஸ்கிரிப்டிலும் ஃபிளட்டரின் மொழியான டார்ட்டிலும் 'கி' என்பதன் நீளம் 2. பெயரைப் பத்து இடத்தில் வெட்டினால் உயிர்க்குறி கழன்று வேறு பெயராகிவிடும். டார்ட்டில் 'கரக்டர்ஸ்' பொதி இதைச் சரிவர எண்ணும். வரி உயரத்தைக் குறுக்கினால் 'கி', 'கீ' போன்றவற்றின் விசிறியின் தலை வெட்டுப்படும். அலுவலகத்திலிருந்து வரும் அங்கத்தவர் பட்டியல் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சானதாக இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பின்னணியில் தானாகப் போகும் என்று நம்புவது

அண்ட்ரொய்டில் திரும்பத் திரும்ப ஓடும் பின்னணி வேலைக்குக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். சில நிறுவனங்களின் போன்கள் மின்கலத்தை மிச்சம்பிடிக்க அதையும் நிறுத்திவிடும். ஐபோனில் நேரத்தைத் தீர்மானிப்பது ஐபோன்தான். பதிவு முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேர வேண்டும். அனுப்பாத பதிவுகளின் எண்ணிக்கை திரையில் தெரிய வேண்டும், பக்கத்தில் ஓர் 'அனுப்பு' பொத்தானும் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாள இலக்கத்தைப் போனிலேயே உருவாக்குங்கள். இல்லாவிட்டால் சிக்னல் அறுந்து மறுபடி அனுப்பும்போது ஒரே பால் இரண்டு தரம் கணக்கில் ஏறும். காசு விஷயம், பண்ணையாளரோடு சண்டையில் முடியும்.

வேகத்தைத் தப்பான இடத்தில் அளப்பது

பிழை தேடுவதற்கான டிபக் பில்டை ஓட்டிப் பார்த்து 'ஃபிளட்டர் இழுக்குது' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பலர். பயனருக்குக் கொடுக்கும் வெளியீட்டு பில்டை, நிலையத்தில் இருக்கும் அதே பழைய போனில் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். மடிக்கணினியில் 8 ஜிபி ராம்தான் என்றால் கணினிக்குள் போனைப் பாவனை செய்யும் எமுலேட்டரை விட்டுவிட்டு யூஎஸ்பி வழியாகப் போனிலேயே வேலைசெய்யலாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) கைமாற்றுவதானால் போனின் சில்லு வகைக்கேற்பப் (32 பிட், 64 பிட்) பிரித்து எடுங்கள், அளவு நன்றாகக் குறையும். ஆனால் மலிவுப் போன்கள் சிலவற்றில் 64 பிட் சில்லு இருந்தும் 32 பிட் அண்ட்ரொய்ட்தான் ஓடும். அவற்றில் 64 பிட் கோப்பு ஏறாது.

பேர்பெற்ற நிறுவனம் என்பதால் நிலைக்கும் என்று எண்ணுவது

இதே வகைக் கட்டமைப்பான தன் ஸமரினுக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2024 மே 1 உடன் நிறுத்தியது. ரியாக்ட் நேட்டிவ் செயலிகளை உடனுக்குடன் புதுப்பிக்கப் பலர் நம்பியிருந்த கோட்புஷ் சேவை, 2025 மார்ச் 31 அன்று மைக்ரோசொஃப்டின் அப் சென்டர் சேவையோடு போனது. ரியாக்ட் நேட்டிவ் 0.76 பதிப்புக்குக் குறைந்தது அண்ட்ரொய்ட் 7 வேண்டும். அண்ட்ரொய்ட் 15 ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கு (போன் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகிள் பிளே கேட்கிறது. சி மொழியில் எழுதிய பகுதிகள் உள்ள பழைய நூலகங்கள் இங்கேதான் மாட்டுப்படும். ஒரு நூலகத்தை எடுக்குமுன் அதற்கு மற்றவர்கள் போட்ட நட்சத்திரங்களை விடக் கடைசி வெளியீட்டுத் திகதியைப் பாருங்கள்.

ஐபோன் உண்மையில் வேண்டுமா?

ஐபோன் செயலியை உருவாக்க மக் கணினியோ, வாடகை மேகச் சேவையோ வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டொலர். கூகிளுக்கு ஒரு தரம் 25 டொலர். பால் நிலையத்தில் எல்லாரிடமும் அண்ட்ரொய்ட் என்றால் நேரே அண்ட்ரொய்டின் சொந்த மொழியான கொட்லினில் எழுதுவது வெட்கப்படுகிற விஷயமில்லை. பண்ணையாளருக்கும் ஐபோன் பதிப்பு வேண்டுமென்றால் எங்கள் தெரிவு ஃபிளட்டர், தமிழ்த் துண்டு வரைவது அதில் இலகு என்பதால். ஆனால் வவுனியாவிலோ அறிவியல்நகரிலோ தேடும்போது ரியாக்ட் தெரிந்தவர்தான் கிடைக்கிறார் என்றால் ரியாக்ட் நேட்டிவை எடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பிழையைத் திருத்தப்போகிறவர் அவர்தான்.

பிளே ஸ்டோருக்குப் போகும் திகதியைச் சொல்லுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். 2023 நவம்பர் 13 க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் செயலியைப் பாவித்துப் பார்ப்பது) இருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே பிடித்து வையுங்கள்.