'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியை நகர வைத்த விதம்

பேத்தோவன் 1801-இல் பியானோவுக்கு இயற்றிய 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதி, என் கையில் நெடுநாள் நகராமல் தேங்கி நின்றது. 'அடாஜியோ' (மெதுவாக) என்ற குறிப்பை மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் அதன் அருகிலேயே, ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கல்ல, இரண்டே துடிப்பு என்று காட்டும் 'அல்லா ப்ரேவே' குறியும் இருக்கிறது. எனவே வலது கையை நிறுத்திவைத்து, இடது கை ஆக்டேவ்களை (ஒரே ஸ்வரம் கீழ், மேல் ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிப்பவை) மட்டும் பாருக்கு இரண்டாக எண்ணி வாசித்தேன். மூன்றாம் பாரில் ஏ, எஃப் ஷார்ப் என்ற ஸ்வரங்கள் அரைப் பாருக்கு ஒன்றாக இறங்கும் இடத்தில் நடை தானாகவே பிடிபட்டது. பிறகு வலது கையின் மும்மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து, மெலடியின் குறுகிய ஸ்வரத்தை மூன்றாவதோடு ஒட்டாமல் சற்றுப் பின்னே வைத்தேன்.

பெடல்தான் மிகவும் படுத்தியது. டாம்பர்களை (தந்திகளின் அதிர்வை அடக்குபவை; பெடலை அழுத்தினால் உயரும்) உயர்த்தியே முழுவதையும் வாசிக்கச் சொல்கிறார் பேத்தோவன். ஒலி விரைவில் தேய்ந்துவிடும் அக்கால வியன்னா பியானோவுக்கு அது பொருந்தும், இன்றைய பியானோவிலோ எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது. ஆகவே பெடலைப் பாதியளவே அழுத்தி, பாஸ் (இடது கையின் கீழ் ஸ்வரம்) மாறும்போதெல்லாம் புதுப்பிக்கிறேன். இரண்டாம் பாரில் பி ஒலிக்கும்போது மட்டும் முந்தைய சி ஷார்ப்பின் சாயலைச் சிறிது விட்டுவைக்கிறேன். அங்கே மேலுள்ள ஸ்வரங்கள் மாறுவதில்லை என்பதால் அந்த மங்கல் காதை உறுத்துவதில்லை.