மாவிலையும் வெயிலும்: சயனோடைப் நீல அச்சில் நாம் செய்யும் தவறுகள்

வேதிக்கரைசல் பூசிய தாளின் மேல் பொருளை வைத்து, கேமரா இல்லாமல் வெயிலைக் கொண்டே நீல நிறத்தில் படம் பதிக்கும் சயனோடைப் முறையை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். கட்டட வரைபடத்துக்கு ‘ப்ளூ பிரிண்ட்’ என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். மறு ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். கிருஷ்ணகிரியில் மொட்டை மாடியும் மார்ச் மாத வெயிலும் இருந்தால் போதும், நாமும் செய்யலாம்.

100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், வேறொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு என இரு வேதிப்பொருள்களைத் தனித்தனியே கரையுங்கள். இரண்டையும் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். தாளில் பூசும்போது சம அளவில் கலந்தால் போதும். சமையல் பாத்திரம் கூடாது, கையுறை வேண்டும். பூசிய தாளை ஜன்னலோரம் காயவைத்தால் வெயிலுக்குக் கொண்டுபோகும் முன்பே அது பாழாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, தாளின் மேல் எதை வைப்பது என்பதில் நடக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் பறிப்பது மாவிலையைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தடித்த இலை ஒளியை விடாது. நரம்பு ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். பச்சை இலை சுருண்டு எழும்பினால் ஓரத்தின் கீழே வெளிச்சம் புகுந்து கோடு கலங்கிவிடும். இந்த முறையில் நிறம் இல்லை, ஆழம் இல்லை; உருவமும் கோடும் இடைவெளியும்தான் படம். அதனால் கேழ்வரகுக் கதிரையோ புளியங்கொத்தையோ எடுங்கள். புளியிலை மாலையில் கூம்பிவிடும், காலையிலேயே பறித்துப் புத்தகத்துக்குள் இரண்டு நாள் அழுத்தி வையுங்கள். பிறகு கண்ணாடியின் கீழ் வைத்து இறுக்குங்கள்.

நட்ட நடுவில் வைத்துச் சுற்றிலும் சம இடம் விடுவது கைப்பழக்கம். கதிரைச் சாய்த்து, அதன் நுனி பார்க்கும் பக்கம் வெறும் நீலத்தை விட்டுப் பாருங்கள். காற்று அடிப்பதுபோல் இருக்கும். ஐந்தாறு இலைகளை நெருக்கி அடைத்தால் எதன் விளிம்பும் தனித்துத் தெரியாது.

மஞ்சள்பச்சையாக இருந்த தாள் நீலமானதும் பலர் எடுத்துவிடுகிறார்கள். அது போதாது; இலை மறைக்காத இடம் வெண்கலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாற வேண்டும். அவசரப்பட்டால் கழுவும்போது பாதி நீலம் தண்ணீரோடு போய்விடும்.

கழுவும் தண்ணீரிலும் கவனம் தேவை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் வாளியில் வெள்ளையாக உப்புப் படியவிடும். காரத்தன்மையுள்ள நீர் இந்த நீலத்தை வெளிறச் செய்யும். முதல் அலசலில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும். சோப்பு படவே கூடாது. மஞ்சள் முழுவதும் போகும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தில் வெளிறித் தெரிகிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காற்றுப்பட்டு மறுநாளுக்குள் நீலம் அடர்ந்துவிடும்.